இம்யூனிட்டி பூஸ்டர் வாங்குறதுக்கு முன்னாடி, பிரேக் பத்திக் கொஞ்சம் பேசலாமா?

போன தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ, சித்தப்பா ஒரு பெரிய டப்பா வாங்கிட்டு வந்தார். மேலே தங்கக் கலர் எழுத்தில் "இம்யூனிட்டி பூஸ்டர்" என்று போட்டிருந்தது. அதை அம்மா கையில் கொடுத்துட்டு, "அண்ணி, உங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி. அதான் இந்தக் கை வலி எல்லாம். தினமும் ரெண்டு ஸ்பூன் பால்ல போட்டுக் குடிங்க, சரியாயிடும்" என்றார். அம்மா "சரி தம்பி" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு ஆறு வருஷமா ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ். ஊர்ப் பக்கம் சரவாங்கி என்பார்கள். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. குக்கர் மூடியைத் திறக்கவே இன்னொரு ஆள் வேண்டும். அந்தத் தீபாவளிக்கு முறுக்கு பிழிந்தது நான்தான். வடிவத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

பிரச்சினை என்னவென்றால், அம்மாவுக்கு எதிர்ப்பு சக்தி குறைவு இல்லை. அவருடைய இம்யூன் செல்களே அவருடைய மூட்டுக்குள் இருக்கும் சவ்வைத் தாக்கிக்கொண்டிருக்கின்றன. அங்கே போய் "பூஸ்ட்" பண்ணச் சொல்வது, வீடு பற்றி எரியும்போது ஃபேனைப் போட்டு விடுவது மாதிரி. இதைச் சித்தப்பாவிடம் சொல்லணும்னு வாயைத் திறந்தேன். வந்ததெல்லாம் இங்கிலீஷ் வார்த்தைகள். எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியம் படித்த பாவம்! "அது வேற சித்தப்பா" என்று மட்டும் சொல்லிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழில் தப்பு இருந்தால் எடிட்டரைத் திட்டுங்க.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நம்ம உடம்பின் எதிர்ப்பு சக்தி, அதிகமானால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று அளக்கிற ஒரு சக்தியே கிடையாது. அது ஒரு கன்ட்ரோல் சிஸ்டம். அதில் ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு முக்கியமோ, பிரேக்கும் அவ்வளவு முக்கியம். பல நேரங்களில் உயிரைக் காப்பது பிரேக்தான்.

இரண்டாம் வருஷ லேபை ஞாபகப்படுத்துங்க

741 ஐசி ஞாபகம் இருக்கா? அதன் ஓபன் லூப் கெயின் சுமார் 2 லட்சம். கேட்கும்போது மாஸாக இருக்கும். ஆனால் ஃபீட்பேக் ரெசிஸ்டரைப் போடாமல் விட்டால் என்ன ஆகும்? உள்ளே ஒரு மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே அவுட்புட் நேராகப் போய் சப்ளை வோல்டேஜில் முட்டி நிற்கும். ஆம்ப்ளிஃபையராக எதற்கும் பயன்படாது. கெயினில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, அவுட்புட்டின் ஒரு பகுதியை எதிர்த் திசையில் திருப்பி அனுப்பும்போதுதான் அது நாம் சொன்ன பேச்சைக் கேட்கும். நெகட்டிவ் ஃபீட்பேக்!

நம்ம இம்யூன் செல்களின் மேல்தோலிலும் இதே வேலையைச் செய்யும் புரதங்கள் இருக்கின்றன. இவற்றை இன்ஹிபிட்டரி ரிசெப்டர்கள் என்கிறார்கள். தமிழில் தடுப்பு ஏற்பிகள் என்று சொல்லலாம். "போதும், நிறுத்து" என்ற செய்தியை வெளியிலிருந்து வாங்கி செல்லுக்குள் அனுப்புவதுதான் இவற்றின் வேலை.

முதலில் டி செல். கிருமி புகுந்த செல்லைக் கண்டுபிடித்துக் கொல்வதும், மற்ற செல்களுக்கு உத்தரவு போடுவதும் இந்த வகை வெள்ளை அணுக்கள்தான். ஒரு டி செல் வேலையைத் தொடங்க இரண்டு சிக்னல் வேண்டும். ஒன்று, தன்னுடைய இலக்கை அது அடையாளம் காண வேண்டும். இரண்டு, அதன் மேல் இருக்கும் சிடி28 என்ற ரிசெப்டரை, எதிரில் உள்ள செல்லின் பி7 என்ற புரதம் தொட வேண்டும். சாவியைத் திருப்பியாச்சு, ஆக்ஸிலரேட்டரையும் மிதிச்சாச்சு. டி செல் பல மடங்காகப் பெருகும்.

இதில் அழகே இனிமேல்தான். டி செல் வேகம் எடுத்ததும், அதுவே சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு ரிசெப்டரைத் தன் மேல் கொண்டு வந்து வைக்கிறது. அதுவும் அதே பி7ஐத்தான் பிடிக்கும், ஆனால் சிடி28ஐ விடப் பல மடங்கு இறுக்கமாக. ஆக்ஸிலரேட்டருக்குப் போக வேண்டியதை பிரேக் தட்டிப் பறித்துக்கொள்கிறது. ஓடத் தொடங்கினதாலேயே பிரேக் உருவாகிறது!

அந்த பிரேக் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் இருக்கிறது. 1995ல் சிடிஎல்ஏ-4 மரபணு இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவற்றின் டி செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகி, இதயம், கணையம் என்று உறுப்புகளுக்குள் புகுந்தன. பிறந்த மூன்று நான்கு வாரத்தில் எலிகள் செத்துப்போயின. எந்தக் கிருமியும் தேவைப்படவில்லை. "ஃபுல் இம்யூனிட்டி" இப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது பிரேக் பிடி-1. இது வேலை நடக்கும் இடத்தில் பிடிக்கிற பிரேக். சண்டை போடும் டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளை வெளியிடும். அதைப் பார்த்ததும் சுற்றியுள்ள திசுக்கள் பிடி-எல்1 என்ற புரதத்தைத் தங்கள் மேல் காட்டும். அது டி செல்லின் பிடி-1ஐத் தொட்டதும், உள்ளே பாஸ்படேஸ் என்ற வகை என்ஸைம்கள் வந்து சேரும். ஆக்டிவேஷன் சிக்னலுக்காகச் செல்லுக்குள் ஒட்டப்பட்ட பாஸ்பேட் சீட்டுகளை அவை ஒவ்வொன்றாகக் கிழித்துப் போடும். சண்டை எவ்வளவு கடுமையோ, பிரேக்கும் அவ்வளவு அழுத்தமாகப் பிடிக்கும்.

மூன்றாவது கதை வேற மாதிரி. என்கே செல், அதாவது நேச்சுரல் கில்லர். நம்ம காலேஜ் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் அண்ணனை நினைச்சுக்கோங்க. கழுத்தில் ஐடி கார்டு தொங்கினால் கண்டுகொள்ள மாட்டார். இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டார். என்கே செல்லும் அப்படித்தான். நம் உடம்பில் ஏறக்குறைய எல்லா செல்களும் எச்எல்ஏ என்ற அடையாளத்தை வெளியே காட்டுகின்றன. என்கே செல்லின் மேல் இருக்கும் கிர் போன்ற தடுப்பு ரிசெப்டர்கள் அதைப் பார்த்து "நம்ம ஆளு, விடு" என்று சொல்லும். டி செல்லிடமிருந்து தப்பிக்க சில வைரஸ்களும் புற்றுச் செல்களும் அந்த எச்எல்ஏவை மறைத்து வைக்கும். அங்கேதான் மாட்டும். கார்டு இல்லாததே குற்றம்! சுவீடனில் கிளாஸ் கார்ரே குழு 1986ல் இதைச் சோதனையில் காட்டியது.

நீங்களும் நானும் பிறந்ததில்கூட இந்த பிரேக்குக்குப் பங்கு இருக்கிறது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் பாதி ஜீன் அப்பாவுடையது. அம்மாவின் இம்யூன் சிஸ்டத்துக்கு அது அந்நியம். இருந்தும் தாக்காமல் இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று, நச்சுக்கொடியின் செல்கள் எச்எல்ஏ-ஜி என்ற புரதத்தைக் காட்டி, அம்மாவின் செல்களில் இருக்கும் தடுப்பு ரிசெப்டர்களைத் தொடுவது.

பூஸ்ட் பண்ணிப் பார்த்தார்கள்

"சரி, நேராக ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா என்னதான் ஆகும்?" என்று கேட்கலாம். மிதிச்சுப் பார்த்தார்கள். 2006 மார்ச் 13, லண்டன், நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகம். டிஜிஎன்1412 என்ற புது மருந்தின் முதல் மனிதச் சோதனை. அந்த மருந்து சிடி28ஐத் தொட்டு, முதல் சிக்னல் இல்லாமலேயே டி செல்லை ஓட வைக்கும். குரங்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே பாதுகாப்பானது என்று கண்ட அளவில் 500ல் ஒரு பங்குதான் மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். மருந்து போட்டுக்கொண்ட 6 பேரும் ஆரோக்கியமான இளைஞர்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, வாந்தி, காய்ச்சல். அன்றிரவே உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கி 6 பேரும் ஐசியுவில். எல்லாரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால் ஒருவர் கால் விரல்களையும் சில கை விரல் நுனிகளையும் இழந்தார்.

அவர்களைத் தாக்கியது கிருமி இல்லை. பூஸ்ட் ஆன சொந்த இம்யூனிட்டிதான்.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கு. 2020ல் நான் பத்தாவது. "ஆல் பாஸ்" பேட்ச். அந்த வருஷம் வீட்டில் குடிக்காத கஷாயம் இல்லை. அதே ஜூனில் இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வு ஒரு முடிவைச் சொன்னது. வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை டெக்ஸாமெத்தஸோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. விலை குறைவான பழைய ஸ்டீராய்டு அது. அதன் வேலை இம்யூனிட்டியை அடக்குவது! ஆனால் ஆக்ஸிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் பலன் இல்லை. அதாவது எப்போது பிரேக் போடணும் என்பதும் முக்கியம். எப்பவும் பூஸ்ட் என்பது எப்படித் தப்போ, எப்பவும் பிரேக் என்பதும் அப்படியே.

பிரேக்கைக் கழற்றினவர்களும் உண்டு

நியாயமாகப் பேசணும்னா, எதிர்ப் பக்கத்தையும் சொல்லணும். சில நேரம் பிரேக்கை விடுவிப்பதுதான் சரி. புற்றுநோய் அப்படி ஒன்று. பல கட்டிகள் பிடி-எல்1ஐத் தங்கள் மேல் காட்டி, வந்த டி செல்லை நிறுத்தி வைத்துவிடுகின்றன. நம்ம பிரேக்கை எதிரி மிதிக்கிறான்.

அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன், சிடிஎல்ஏ-4ஐ மறைத்தால் எலிகளில் கட்டி கரைவதை 1996ல் வெளியிட்டார். ஜப்பானின் தசுகு ஹோஞ்சோ குழு பிடி-1ஐ 1992லேயே கண்டுபிடித்திருந்தது. 2011ல் சிடிஎல்ஏ-4ஐ மறைக்கும் இபிலிமுமாப் மருந்துக்கும், 2014ல் பிடி-1ஐ மறைக்கும் மருந்துகளுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2018ல் இருவருக்கும் நோபல். ஆலிசன் ஹார்மோனிகா வாசிப்பார். அவரும் மற்ற இம்யூனாலஜி விஞ்ஞானிகளும் சேர்ந்து வாசிக்கும் பேண்டுக்கு "செக்பாயின்ட்ஸ்" என்று பெயர். மூளை வரை பரவிய மெலனோமாவோடு 2015ல் சிகிச்சை எடுத்த ஜிம்மி கார்ட்டருக்கு மற்ற சிகிச்சைகளோடு இந்த வகை மருந்தும் கொடுக்கப்பட்டது. அவர் 100 வயது வரை இருந்தார்.

இந்த மருந்துகள் எல்லாருக்கும் வேலை செய்வதில்லை. வேலை செய்தாலும் விலை உண்டு. பிரேக் விட்ட டி செல்கள் சிலருக்குக் குடலை, தைராய்டை, அபூர்வமாக இதயத்தைக்கூடத் தாக்கும். அதனால்தான் டாக்டர்கள் கூடவே இருந்து கண்காணிக்கிறார்கள். ஸ்பூன் கணக்கில் பாலில் கலந்து கொடுப்பதில்லை.

இப்போ அம்மா பக்கம் வாங்க. சிடிஎல்ஏ-4ஐ வைத்து இன்னொரு மருந்தும் இருக்கு, அபாடாசெப்ட். சிடிஎல்ஏ-4இன் வெளிப்பகுதியையே மருந்தாக்கி ரத்தத்தில் விடுகிறார்கள். அது போய் பி7ஐப் பிடித்துக்கொள்ளும், ஆக்ஸிலரேட்டருக்கு எதுவும் கிடைக்காது. 2005ல் இருந்து ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸுக்கு அனுமதி உண்டு. ஒரே ரிசெப்டர். புற்றுநோய்க்காரருக்கு அதை மறைக்க ஒரு மருந்து, மூட்டுவாதக்காரருக்கு அதையே அள்ளிக் கொடுக்க ஒரு மருந்து. "இம்யூனிட்டி கூடணுமா, குறையணுமா?" என்ற கேள்விக்குப் பொதுவான பதிலே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எவ்வளவு என்ற கேள்வி

இந்த மாதிரி விஷயம் டாக்டர்களுக்கு, நமக்கெதுக்கு என்று நினைத்தால், ஒரு கணக்கு போடலாம் வாங்க. பிடி-1ஐ மறைக்கும் நிவோலுமாப்பை முதலில் மனிதர்களிடம் சோதித்தபோது, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் முதல் 10 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். 100 மடங்கு வித்தியாசம். ஆனால் ரத்தத்தில் உள்ள டி செல்களில் மருந்து பிடித்திருந்த பிடி-1 அளவு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது. நமக்கு இதன் பெயர் தெரியும்: சாச்சுரேஷன்.

வழக்கமான டோஸில் இந்த மருந்து நம்ம நாட்டில் லட்சக்கணக்கில் செலவாகும். பெரும்பாலான குடும்பங்களுக்கு அது பேச்சுக்குக்கூட வராது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை மருத்துவர்கள் இதைத்தான் கையில் எடுத்தார்கள். குணப்படுத்த முடியாத நிலையில் இருந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேர். நம்ம நாட்டில் புகையிலையும் குட்காவும் கொண்டு வந்து விடும் நோய் இது. ஒரு பாதிக்கு விலை குறைந்த மாத்திரைகள் மட்டும். இன்னொரு பாதிக்கு அதோடு 3 வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். வழக்கமான டோஸ் 2 வாரத்துக்கு 240. ஆறு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் 720க்குப் பதில் 40. பதினெட்டில் ஒரு பங்கு!

ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 16.3%. குறைந்த டோஸ் சேர்த்தவர்களில் 43.4%.

கவனமாகப் படிங்க: குறைந்த டோஸ் முழு டோஸுக்குச் சமம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை; முழு டோஸோடு இதை ஒப்பிடவே இல்லை. மருந்தே கிடைக்காமல் இருப்பதைவிட இது நல்லது என்றுதான் காட்டியது. ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு அது சின்ன விஷயமா? "இன்னும் கொஞ்சம் ஏத்து" என்று கேட்காமல் "எவ்வளவு போதும்?" என்று யாரோ கேட்டதால் வந்த விடை இது. கன்ட்ரோல் சிஸ்டம் படிக்கும் நமக்கு இந்தக் கேள்வி வராவிட்டால், நாலு வருஷம் படித்தது எதற்கு?

அந்த மாத்திரைகளில் ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். எங்க வீட்டில் அதை நல்லாத் தெரியும். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அம்மா போட்டுக்கொள்வது அதைத்தான்.

"பவுடர்தானே, என்ன கெடுதல்?"

இதுதான் நான் அதிகம் கேட்கும் கேள்வி. நல்ல சாப்பாடு, தூக்கம், தடுப்பூசி இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. சரியான சத்து இல்லாவிட்டால் இம்யூன் சிஸ்டம் தடுமாறும், உண்மைதான். தடுப்பூசியில் "பூஸ்டர் டோஸ்" என்று ஒன்று இருக்கே என்றால், அது எல்லா செல்லின் வேகத்தையும் கூட்டுவதில்லை. ஒரு குறிப்பிட்ட கிருமியின் முகத்தை மறுபடி ஒருமுறை காட்டிப் பாடம் எடுக்கிறது. அது டீச்சர், டர்போ இல்லை.

ஆனால் "இயற்கை, அதனால் கெடுதல் இல்லை" என்பதை ஏற்க முடியாது. கொரோனா நேரத்தில் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் எடுத்துக்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021ல் வெளியிட்டார்கள். அது ஆட்டோஇம்யூன் கல்லீரல் அழற்சி போலவே இருந்தது. அந்த முடிவை ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. யார் சொல்வது சரி என்று சண்டை போட நான் வரவில்லை. ஏற்கெனவே பிரேக் சரியாகப் பிடிக்காத ஓர் உடம்பில் இதைச் சோதித்துப் பார்க்கும் ரிஸ்க்கை, டப்பாவின் பின்பக்கம் யாரும் எழுதவில்லை என்பதுதான் என் கோபம்.

அதனால் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" என்று ஒரு ஃபார்வர்ட் வந்தால், அனுப்புவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்க. எந்த செல்லை? எந்தத் திசையில்? எப்போது நிற்கும்? மூன்றாவதுக்குப் பதில் இல்லாத எதையும் நம்ம லேபில்கூட சப்ளையில் சொருக விட மாட்டார்கள்.

போன வாரம் அம்மாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன், இந்தத் தடவை தமிழில். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "அப்போ என் உடம்புக்குச் சக்தி இல்லாம இல்ல. நிறுத்தத்தான் தெரியல. அப்படித்தானே?" என்றார். முழுக்க அவ்வளவு எளிது இல்லை; இந்த நோய்க்குக் காரணம் பல. ஆனால் ஆறு வருஷமாக "எனக்குத் தெம்பில்ல, அதான் இப்படி" என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அதனால் "ஆமாம்மா" என்றேன்.

டப்பா இன்னும் பிரிக்காமல் பீரோ மேல் இருக்கிறது. சித்தப்பா மனசு கஷ்டப்படும் என்று அம்மா தூக்கிப் போடவும் இல்லை. இந்த இதழ் வந்ததும் லிங்க்கை முதலில் சித்தப்பாவுக்குத்தான் அனுப்பப் போகிறேன்.